இது வேற அழுகை

டிப்போவில் அவனுக்கு ஹாரன் என்று பெயர். இத்தனை வருடமாக பஸ் ஓட்டுகிறான், அவன் ஹாரன் அடித்து யாரும் கேட்டதில்லை. அதனால் வந்த பெயர். குறுக்கே வண்டியை நிறுத்தி வைத்திருப்பவனைக்கூட இறங்கிப் போய்த் தோளைத் தட்டித்தான் நகரச் சொல்வான். சத்தம் அவனுக்கு ஆகாது. பகல் முழுக்க எஞ்சினோடு குடும்பம் நடத்திவிட்டு வருகிறவன், வீட்டில் மிக்ஸி ஓடினால் மாடிப்படிக்கு நகர்ந்துவிடுவான்.

அவன் மனைவிக்குச் சத்தம் என்பதே கிடையாது. நாலு வயதில் வந்த காய்ச்சல் இரண்டு காதுகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்குள் கற்றிருந்த கொஞ்சம் பேச்சு மட்டும் மிச்சம். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பேச்சு பிடிபட நாளாகும். ஹாரனுக்கு ஒரே வாரத்தில் பிடிபட்டுவிட்டது. வீட்டில் அவர்கள் பேசுவது பாதி கையால், பாதி உதட்டால்.

செயற்கைப் பற்கள் செய்யும் கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை. பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு ஏற்றபடி புதுப் பல்லுக்கு நிறம் ஏற்றுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. எதிரே யார் வந்தாலும் முதலில் உதட்டைப் பார்ப்பாள், அடுத்து பல்லைப் பார்ப்பாள். "உங்க அக்காவுக்குக் கீழ் வரிசையில ஒண்ணு கட்டினது" என்று கல்யாணத்தன்றே கையால் சொல்லி, மாப்பிள்ளையை எல்லார் முன்னாலும் சிரிக்க வைத்தவள்.

குழந்தை பிறந்தபோது ஹாரன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தான். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அழுகை கேட்டது. உள்ளே விட்டதும், பெண் குழந்தை என்று அவனிடம் சொல்வதற்கு முன்பே அவள் கேட்டாள்:

"எப்படி இருந்துச்சு?"

"எது?"

"அழுகை."

அவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "எண்ணெய் போடாத கதவு மாதிரி."

அவள் சிரித்தாள். சிரித்ததில் வயிறு வலித்தது, வலித்ததில் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு தான் பார்த்ததை அவனுக்குச் சொன்னாள். முதலில் நெற்றி சுருங்கியதாம். அப்புறம் தாடை நடுங்கியதாம். அதற்கப்புறம்தான் வாய் திறந்தது. நர்ஸ் அதற்கப்புறம்தான் திரும்பிப் பார்த்தார்.

"நான் முன்னாடியே பாத்துட்டேன்" என்றாள். அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே ஹாரனின் அக்காவும் ஒரு பெரிய பையோடு வந்து இறங்கினாள். இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வீடு. பள்ளிக்கூட அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவள். மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கும் பிள்ளையை ஜன்னலில் இருந்தே பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. தன் பிள்ளைகள் இருவரையும் வளர்த்து ஆளாக்கி அனுப்பிவிட்டவள் என்பதால் குழந்தை விஷயத்தில் அவளுக்குச் சந்தேகமே வராது.

"பச்சப் புள்ள எதுக்குடா அழும்? பசிக்கு அழும். பின்ன, பஸ் வரலேன்னா அழும்?"

குழந்தையை எல்லாரும் குட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். குட்டி வாயைத் திறந்தால் போதும், "பால் குடும்மா" என்பாள். அப்போதுதான் குடித்து முடித்தாள் என்று மனைவி கையால் சொன்னால், "அது பத்தல" என்பாள்.

டிப்போ நண்பர்கள் சேர்ந்து ஒரு விளக்கு வாங்கித் தந்திருந்தார்கள். குழந்தை அழுதால் அது கண் சிமிட்டும். காது கேளாத தாய்க்கு உதவும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பாவம், அந்த விளக்குக்கு ஆள் வித்தியாசம் தெரியவில்லை. குக்கர் விசில் அடித்தாலும் சிமிட்டியது, நாற்காலியை இழுத்தாலும் சிமிட்டியது. எல்லாவற்றையும்விட அக்கா பேசும்போது விடாமல் சிமிட்டியது.

"குட்டியைவிட அண்ணிக்குத்தான் பசி அதிகம் போல" என்று மனைவி கையால் சொன்னாள். ஹாரன் சிரிப்பை அடக்க அடுப்படிக்குப் போய்விட்டான்.

அவள் அந்த விளக்கை நம்பவில்லை. தொட்டிலைத் தன் கட்டிலுக்கு நேர் எதிரே, ஜன்னல் வெளிச்சம் குழந்தையின் முகத்தில் விழும்படி போட்டுக்கொண்டாள். துணி மடித்தாலும் சாப்பிட்டாலும் தலையை நிமிர்த்தினால் குட்டி தெரிய வேண்டும். பசி வருவதற்கு முன் குட்டி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி எதையோ தேடினாள், உதட்டைச் சப்பினாள், கை முஷ்டியை வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்துக் கன்னத்தில் இடித்துக்கொண்டாள். அந்த நேரத்திலேயே எடுத்துப் பால் கொடுத்தால் அழுகையே வராது. தூக்கம் வந்தால் பார்வை எங்கோ போய் நிற்கும், புருவம் சிவக்கும். வந்தவர்கள் எல்லாரும் கொஞ்சிக் கொஞ்சிக் களைத்துப் போனால், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். "போதும், எல்லாரும் போங்கன்னு சொல்றா" என்பாள் மனைவி. விருந்தாளிகளிடம் அதை அப்படியே மொழிபெயர்க்கும் தைரியம் ஹாரனுக்கு வரவில்லை.

எப்போதும் சரியாகப் போய்விடும் என்றில்லை. பசி என்று நினைத்து எடுத்தால் ஈரமாக இருக்கும். ஈரம் என்று பார்த்தால் உள்ளே ஏப்பம் ஒன்று சிக்கியிருக்கும். பத்துத் தடவையில் ஆறு தடவை சரியாக வந்துவிடும்.

ஹாரன் இன்னொரு பக்கத்திலிருந்து கற்றுக்கொண்டான். சத்தம் பிடிக்காதவனுக்குத்தான் சத்தத்தின் வித்தியாசம் நன்றாகத் தெரியும். பசி அழுகை சின்னதாக ஆரம்பித்து, நிறுத்தி, யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டு மறுபடி ஏறும். தூக்க அழுகை இழுவை, முனகல். ஈரத்துக்கு அழுவது கோபம் இல்லை, புகார்.

மூன்றாவது வாரத்தில் வேறொன்று தொடங்கியது. வெளிச்சம் மங்கும் நேரத்துக்குக் குட்டி அழ ஆரம்பிப்பாள். பால் வேண்டாம், ஈரமில்லை, சூடில்லை. முழங்காலை வயிற்றுக்கு மடக்கிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, தன் பாட்டுக்கு அழுது, தன் பாட்டுக்கு ஓய்வாள். ஊசி போடப் போனபோது குழந்தை டாக்டரிடம் கேட்டார்கள். அவர் எடை பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், காதுக்குள் பார்த்தார்.

"நல்லா இருக்கா. இந்த வயசுல நிறைய குழந்தைங்க சாயங்காலம் இப்படி அழும். இன்னும் கொஞ்ச நாள் கூடும், அப்புறம் தானா குறையும்" என்றார். "எல்லா அழுகைக்கும் காரணம் கிடைக்காது. பசியா, ஈரமா, காய்ச்சலா, எங்கயாவது இறுக்குதான்னு பாருங்க. ஒண்ணும் இல்லேன்னா தோள்ல போட்டு நடங்க. உங்களால தாங்க முடியலேன்னா, தொட்டில்ல மல்லாக்கப் படுக்க வெச்சுட்டு அந்தப் பக்கம் போய்க் கொஞ்சம் மூச்சு விட்டுட்டு வாங்க. அதுல தப்பே இல்ல. கோவத்துல புடிச்சுக் குலுக்கறது மட்டும் கூடவே கூடாது."

அக்கா வெளியே வந்ததும், "பால் பத்தலேன்னு நேரடியா சொல்ல மாட்டாங்க, இப்படித்தான் சுத்தி வளைப்பாங்க" என்றாள்.

டாக்டர் கடைசியாகச் சொன்னதை ஹாரன் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தையைப் பிடித்து யார் குலுக்குவார்கள் என்று நினைத்தான். ஒரு சாயங்காலம் அக்கா தன் வீட்டுக்குப் போயிருந்தாள், மனைவி குளித்துக்கொண்டிருந்தாள், குட்டி அழுதாள். துணி மாற்றினான். தோளில் போட்டு நடந்தான். ஏதோ முனகிப் பார்த்தான். காதுக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்தில் அந்தச் சத்தம். நடக்க நடக்க அவனுக்குள் என்னவோ இறுகிக்கொண்டே வந்தது. "ஏய், நிறுத்து!" என்று சொன்னது தன் குரல்தானா என்று அவனுக்கே திகைப்பாக இருந்தது. குனிந்து பார்த்தால், குழந்தையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

குட்டியைத் தொட்டிலில் வைத்தான். மெதுவாகத்தான் வைத்தான். பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றான்.

ஈரத் தலையோடு வெளியே வந்த மனைவி, தொட்டிலில் தனியே அழும் குழந்தையையும் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கணவனின் முதுகையும் பார்த்தாள். குட்டியை எடுத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். அவன் திட்டு வாங்கத் தயாராகத் திரும்பினான்.

"என் கை என் கை மாதிரியே இல்ல" என்றான். "பயமா இருந்துச்சு."

அவள் ஒரு கையால் பேச வேண்டியிருந்தது. "கீழ வெச்சீங்கல்ல?"

"வெச்சேன்."

"அவ்வளவுதான். டாக்டர் அதைத்தானே சொன்னாங்க."

"உனக்கு இப்படி வராதா?"

அவள் யோசித்தாள். "வரும். மத்தியானத்துல தூக்கம் சொக்கும்போது வரும். ஆனா அழுகைன்னா எனக்கு அவ முகம்தான். உங்களுக்கு அது காதுல அடிக்கிற ஆணி. சாயங்காலம் அவளை என்கிட்ட விட்டுடுங்க. நீங்க கடைக்குப் போங்க, சமையல் பாருங்க."

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. வெளிச்சம் மங்கியதும் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து குட்டியை மார்பில் சாய்த்துக்கொள்வாள். அழுகை அவளுக்கு எலும்பு வழியாக வந்தது. "இங்க கேக்குது" என்று ஒருநாள் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். ஹாரன் அடுப்படியில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்கினான்.

குழந்தைக்காக அவன் எடுத்திருந்த லீவு முடியும் நாள் நெருங்கியது. அக்கா அவனைப் படுக்கையறைக்குள் கூப்பிட்டாள். மனைவி கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, குரலையும் தணித்துக்கொண்டாள். தணிக்க வேண்டியதே இல்லை, பழக்க தோஷம்.

"நீ வேலைக்குப் போயிட்டா என்னடா பண்றது? காது கேக்காத பொண்ணுகிட்ட கைக்குழந்தையத் தனியா விட முடியுமா? அவ அந்தப் பக்கம் திரும்பின நேரத்துல ஏதாவது ஆச்சுன்னா? நான் காலைல வந்து குட்டியத் தூக்கிட்டுப் போறேன். நீ ட்யூட்டி முடிச்சு வரும்போது கூட்டிட்டு வா."

ஹாரன் பதில் சொல்வதற்குள் மனைவி வாய் திறந்து பேசினாள். அக்கா இருக்கும்போது அவள் வாய்விட்டுப் பேசுவது அபூர்வம்.

"அண்ணி. பீரோல கண்ணாடி இருக்கு."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். ஆளுயரக் கண்ணாடியில் அவள் முகம் முழுசாகத் தெரிந்தது, உதடு உட்பட.

அக்கா கட்டிலில் வந்து எதிரே உட்கார்ந்தாள். "தப்பா நெனச்சுக்காதம்மா. பயம்தான்."

"எனக்கும்தான் பயம்" என்றாள் அவள். "ஆனா குட்டி இங்கதான் இருப்பா. நீங்க வேணும்னா வந்து இருங்க."

அப்படித்தான் ஹாரன் வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் அக்கா பகலெல்லாம் வந்து இருந்தாள். காவலுக்கு வந்தது போலத்தான் வந்தாள். ஒரு கண் குழந்தை மேல், ஒரு கண் தாய் மேல்.

அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம். குளிப்பாட்டி, சட்டையும் சாக்ஸும் போட்டுத் தூங்க வைத்த குழந்தை வீறிட்டுக்கொண்டு எழுந்தது. மனைவி நெற்றிச் சுருக்கத்தைப் பார்க்கவில்லை, தாடை நடுக்கத்தைப் பார்க்கவில்லை. தலை நிமிர்ந்தபோதே வாய் முழுசாகத் திறந்திருந்தது. பால் கொடுத்தாள், குட்டி வாயை வைத்துவிட்டுத் துப்பினாள். ஏப்பத்துக்குத் தட்டினாள். ஈரமில்லை. நெற்றி சுடவில்லை. அக்கா வாங்கித் தோளில் போட்டு அறைக்கும் கூடத்துக்கும் நடந்தாள். வயிற்று வலியாகத்தான் இருக்கும் என்று இரண்டு பேருக்குமே தோன்றியது. அழுகை ஏறிக்கொண்டேதான் போனது. சாயங்கால அழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது.

அக்கா தம்பிக்குப் போன் செய்தாள். அவன் கடைசி நிறுத்தத்தில் அடுத்த டிரிப்புக்காகக் காத்திருந்தான்.

"எதுக்கும் அடங்க மாட்டேங்கறாடா. பால் குடுத்தாச்சு, எல்லாம் பண்ணியாச்சு..."

"அக்கா, நீ பேசாத. போனை அவ பக்கத்துல புடி."

அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாக, பேசாதே என்று சொன்னவனுக்கு எதிர்ப்பேச்சு பேசாமல் போனை நீட்டினாள். ஹாரன் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டான். அது சின்னதாக ஆரம்பித்து ஏறும் சத்தமில்லை. ஒவ்வொரு தடவையும் உச்சியிலேயே ஆரம்பித்தது. நடுவில் மூச்சு நின்றது, மறுபடி உச்சி. அவன் இதுவரை வீட்டில் கேட்காத சத்தம்.

"அக்கா, இது பசி இல்ல. சாயங்காலம் அழற அழுகையும் இல்ல. இது வேற அழுகை. எங்கயோ வலிக்குது. துணியெல்லாம் கழட்டி ஒரு இடம் விடாம பாக்கச் சொல்லு. ஒண்ணும் தெரியலேன்னா டாக்டர்கிட்ட ஓடுங்க. நான் வரேன்."

அக்கா மனைவிக்கு எதிரே போய் நின்று, முகத்தை நேராக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். அவள் தலையசைத்தாள். குட்டியைக் கட்டிலில் கிடத்தி சட்டையைக் கழற்றினாள். காதுக்குப் பின்னால் பார்த்தாள், கழுத்து மடிப்பில், அக்குளில், விரலிடுக்கில். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று கண்ணில் பட்டது. குட்டியின் வலது கால் உதைத்தது. இடது கால் உதைக்கவில்லை. மடங்கி, மேலே தூக்கியபடி நின்றது.

இடது சாக்ஸைக் கழற்றினாள். இரண்டாவது விரல் கறுப்புத் திராட்சை போல வீங்கி இருந்தது. அடியில் ஊசிக் கோடு போல ஒரு பள்ளம். நூலா? வேலைக்குப் போட்டுக்கொள்ளும் பூதக்கண்ணாடி மேசை இழுப்பறையில் இருந்தது. மாட்டிக்கொண்டு குனிந்தாள். நூலில்லை. தலைமுடி. பல சுற்று சுற்றி, சதைக்குள் பதிந்து கிடந்தது. பிரசவத்துக்குப் பிறகு கொத்துக் கொத்தாகக் கொட்டிக்கொண்டிருந்த அவளுடைய முடி.

அக்கா கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள். அவள் வாங்கவில்லை. முடியின் நுனி தெரியவில்லை. இழுத்தால் இன்னும் இறுகும், வெட்டினால் விரலில் படும். "டாக்டர்" என்று வாய்விட்டே சொன்னாள்.

தெருவில் வண்டி கிடைக்கவில்லை. போன வண்டிகள் நிற்கவில்லை. அக்கா நடுரோட்டில் இறங்கி நின்று போட்ட கூச்சலுக்கு, எதிர்ச்சாரியில் போன வண்டிகூட நின்றது.

குழந்தை டாக்டர் விளக்கை அருகே இழுத்து, மெல்லிய கருவி ஒன்றை முடிக்கு அடியில் கொடுத்து ஒவ்வொரு சுற்றாக வெட்டி எடுத்தார். நர்ஸும் அக்காவும் குட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசிச் சுற்று வந்ததும் விரல் மெல்ல மெல்ல நிறம் மாறியது. முதலில் ஊதா, பிறகு சிவப்பு. குட்டி இரண்டு விக்கல் விக்கிவிட்டு, அழுத களைப்பில் அங்கேயே தூங்கிப் போனாள்.

"விரலுக்கு ஒண்ணும் ஆகாது. நல்ல வேளை, சீக்கிரம் பாத்தீங்க" என்றார் டாக்டர். "சாக்ஸ், கையுறை எல்லாம் உள்பக்கம் திருப்பிப் பாத்துட்டுப் போடுங்க. ரெண்டு நாள் கழிச்சு ஒருதரம் காட்டுங்க."

ஹாரன் வந்து சேர்ந்தபோது மூவரும் வெளி பெஞ்சில் இருந்தார்கள். அக்கா மடியில் குட்டி தூங்கினாள். மனைவி கையில் அந்த முடித் துணுக்குகள் ஒரு பஞ்சில் ஒட்டியிருந்தன. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் முடிதான்" என்றாள் அவனிடம். "நான்தான் சாக்ஸ் போட்டேன். பாக்காம போட்டேன்."

அக்கா அவள் முகவாயைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பினாள், உதடு தெரிய வேண்டும் என்று.

"எல்லாத் தாய்க்கும் முடி கொட்டும். எனக்கும் கொட்டுச்சு. இப்ப கொட்ட என்ன இருக்கு என் மண்டைல? நாலு முடிதான், அதையும் எண்ணி வெச்சிருக்கேன்." பிறகு கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "கால் உதைக்கலேங்கறது எனக்குத் தெரியலம்மா. தோள்லயே போட்டுக்கிட்டு நடந்தேன், தெரியல. நீதான் பாத்த."

"இவர் சொன்னதுக்கு அப்புறம்தான் பாத்தேன். அதுக்கு முன்னாடி நானும் வயிறுன்னுதான் நெனச்சேன்."

அக்கா மடியில் கிடந்த சின்னப் பாதத்தை உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலையில் அக்கா வந்தபோது பையில்லாமல் வந்தாள். "உனக்கு நான் என்ன செய்யணும்னு நீயே சொல்லு" என்றாள், எதிரே உட்கார்ந்து.

மனைவிக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "மத்தியானம் வாங்க. நான் தூங்கணும்."

பிறகு அதுவே ஏற்பாடானது. மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் அக்கா வருவாள்; மனைவி கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவாள். காது கேளாதவளின் தூக்கத்தைக் கலைக்க உலகத்தில் எந்தச் சத்தத்தாலும் முடியாது என்பது ஒரு வசதி. அக்கா கைப்பேச்சும் கற்றுக்கொள்ளத் தொடங்கினாள். "பால்" என்று காட்டுவதாக நினைத்து அவள் பலநாள் "மீசை" என்று காட்டிக்கொண்டிருந்தாள். மனைவி திருத்தவில்லை. ஹாரனுக்கு மட்டும் சொன்னாள்.

சாயங்கால அழுகை இன்னும் சில வாரம் இருந்தது. அது போன நாள் எது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் ஹாரன் ட்யூட்டி முடிந்து படியேறி வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினான். மனைவி நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தாள். குட்டி தொட்டிலில் விழித்தபடி, காற்றில் ஆடும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. மெல்ல ஒரு முனகல்.

அவன் தூக்குவதற்கு முன் நின்று பார்த்தான். நெற்றி, வாய், கை, இரண்டு கால்கள். இரண்டும் உதைத்தன. முஷ்டி வாய்ப் பக்கம் போனது போலிருந்தது. மனைவியின் தோளைத் தொட்டு எழுப்பினான்.

"பசிக்குது அவளுக்கு" என்றான், தெரிந்தவன் தோரணையில்.

அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து தொட்டிலைப் பார்த்தாள். "இல்ல, ஈரம்" என்று கையால் சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஈரம்தான். ஹாரன் செருப்பைக் கழற்றிவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து, மாற்றுத் துணியை எடுத்தான்.